அவர் பேசி முடிக்கும் வரை

என் கணவர் பேச்சைத் தொடங்கினால் நான் முடித்துவைப்பேன். கல்யாணமான முதல் வாரத்திலேயே வந்த பழக்கம் அது. "இன்னைக்குச் சாயங்காலம்..." என்று அவர் இழுத்தால், "கோயிலுக்குப் போயிட்டு அப்படியே மார்க்கெட்டு, அதானே?" என்பேன். அவர் தலையாட்டுவார். இருபத்து நான்கு வருஷம் இப்படியே ஓடியது. திண்டுக்கல்லில் வீடு, வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. நாள் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டிலாவது வாய் ஓயட்டும் என்று நான் பெருந்தன்மையோடு பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் இதை வேறு மாதிரி சொல்வாள். அவளுக்கு வாய்த்திருப்பது என் வாய்தான் என்பதால் அவள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம், காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவி வாளிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவுக்குத் திரும்பி வந்தது, கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை. எழுதிக் காட்டச் சொன்னால் இடது கையில் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்டில் ஒவ்வொரு சொல்லாக வரத் தொடங்கியது. அதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். குறிலும் நெடிலும் ஒன்றாகி, 'தண்ணி' என்பது 'தா... ணீ...' என்று வரும். பேச்சில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம். வந்து நின்றாலும் அவர் வாய் திறந்தபடியே இருக்கும், அடுத்த சொல் வந்திருக்காது.

அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. "தண்ணியா? பேப்பரா? ஃபேன் போடவா? தலைகாணி வேணுமா?" என்று வரிசையாகக் கேட்பேன். எதற்காவது அவர் கண்ணைச் சிமிட்டினால் அதுதான் என்று ஓடுவேன். கடைசியில் அவர் இடது கையைத் தூக்கி "சரி" என்பார். சொல்லப்போனால் வியாதிக்குப் பிறகு அவருக்குத் தடங்கல் இல்லாமல் வந்த ஒரே வார்த்தை அதுதான். எனக்கு அதில் அவ்வளவு திருப்தி. பாரு, நான் சொன்னால் எப்போதும் சரியாக இருக்கும் என்று மகளிடம் பீற்றிக்கொள்வேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சார் எப்பப் பள்ளிக்கூடம் போறாரு?" அவருக்கு நீண்ட லீவு கொடுத்திருந்தார்கள். அடுத்த ஜூனில் திரும்பச் சேர வேண்டும், இல்லாவிட்டால் உடல்நிலையைக் காட்டி ஓய்வு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு வருஷச் சர்வீஸ் மிச்சம் இருந்தது. அவர் "பள்... ளிக்... கூ..." என்று ஆரம்பிப்பதற்குள் நான், "ஜூன்ல போயிருவாருங்க. வீட்டுல அவருக்கு இருப்பே கொள்ளல" என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் இருப்புக்கொள்ளாதது எனக்குத்தான். அவர் மறுபடி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எட்டேகால் பஸ்ஸுக்குப் போனால் வியாதி போய்விட்டது என்று அர்த்தம். வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் வியாதியும் கூடவே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் ராத்திரியும் பகலும் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயத்தில்தான் அப்படிப் பேசினேன்.

அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம். ஏழு மணிக்கு மெழுகுத்திரி ஏற்றி உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் பாதி ஜெபத்தைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். என் குணத்துக்கு ஏற்ற பக்தி முயற்சி இதைவிட வேறு இருக்க முடியாது. ஒருநாள் மகள் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்பாதியை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்து ஓடியது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல், பழைய வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளுக்கு அவரே முன்பாதியையும் எடுத்துக்கொண்டார்.

ஜெபமாலை முடிந்ததும் நான் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன். "ஏங்க, நாலு மாசமா என்னைய நடிச்சு ஏமாத்துனீங்களா?"

"இ... ல்..." என்று தொடங்கினார். மீதி எழுத்து வருவதற்குள் மகள் மெழுகுத்திரியை அணைத்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. மாதா கண் திறந்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாளே பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, அவருக்கு நல்லாயிருச்சு. ஜெபமாலை கடகடன்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வாசகத்தை அவருக்கே கொடுங்க" என்று கேட்டேன். முன்பெல்லாம் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது என் கணவர்தான். சாமியாருக்கும் சந்தோஷம். அவரிடம் கேட்டீர்களா என்று சாமியாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "பயப்படாதீங்க, பக்கத்துலயே நிப்பேன்" என்றேன். "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். முதல் வரியை மூன்று தவணையில் வாசித்தார். இரண்டாவது வரியில் முதல் சொல் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. கோயில் முழுக்க விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒருவர் இருமினார். பின்னால் மாடியில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிக்கிறவருக்கு அங்கிருந்து வாசக மேடை தெரியாது. இவ்வளவு நேரம் சத்தமில்லை என்றால் வாசகம் முடிந்து ஆள் இறங்கிவிட்டார் என்று நினைத்து, அடுத்து வரவேண்டிய பாட்டுக்குச் சுருதியை எடுத்துவிட்டார். பாடகர் குழுவும் எழுந்து பாடத் தொடங்கிவிட்டது. அதைவிட வேடிக்கை, மேடையில் நின்ற என் கணவரும் கூடச் சேர்ந்து பாடினார். ஒரு வார்த்தை விடாமல், தாளம் தப்பாமல், நாலு சரணமும் பாடினார். பாட்டு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாக இறங்கி வந்தார். காது மடல் சிவந்திருந்தது.

வெளியே வந்தபோது பாதிப் பேர் மாதா செய்த புதுமை என்றார்கள், பாதிப் பேர் நடிப்பு என்றார்கள். இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை. அவர் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் வரை 'சரி'கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் போனோம். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அஃபேசியா என்று வியாதிக்கு ஒரு பேர் சொன்னார். ஜெபமாலைக் கதையையும் வாசகக் கதையையும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும்மா" என்றார். "நாம பேசுறப்ப அடுத்த வார்த்தை, அதுக்கு அடுத்த வார்த்தை எல்லாம் முன்னாடியே வரிசையா வந்து நின்னுக்கும். அதை நேரத்துக்கு ஒவ்வொண்ணா அனுப்புற இடத்துல சாருக்கு அடி. அதனால ஒவ்வொரு வார்த்தையையும் தனியாத் தேடி, தனியா எடுத்து அனுப்புறாரு. நடுவுல நீங்க ஒரு வார்த்தையைப் போட்டா அவரு எடுத்தது நழுவிரும். திரும்ப முதல்லேருந்து தேடணும்."

"அப்ப ஜெபமாலை?"

"அது ஆயிரக்கணக்கான தடவை சொன்னது. தேட வேண்டாம், தள்ளிவிட்டாப் போதும், தானா ஓடிரும். பக்கத்துல நாலு பேரு சொல்றாங்கன்னா நேரத்தை அவங்களே கொடுத்துருவாங்க. பாட்டும் அப்படித்தான். ஆனா அவரு மனசுல இருக்குறதை அவரே சொல்லணும்னா, அதுக்கு யாரும் நேரம் கொடுக்குறதில்லையே."

இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தார். சார் பேசத் தொடங்கியதும் மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள், அதற்குப் பிறகும் வராவிட்டால் பேசுங்கள் என்றார். இப்போதே எண்ணிக் காட்டுங்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எண்ணினேன். பதினைந்தைத் தொட்டபோது நாலு நொடி ஆகியிருந்ததாம். என் கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பல மாதம் கழித்துச் சிரிக்கிறார், அது மட்டும் ஒரு நொடிகூடப் பிந்தாமல் வந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷமாக இருந்தது.

எண்ணுவது எனக்கு ஒத்துவரவில்லை. எட்டிலேயே வாய் திறந்துவிடும். மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "அப்பா பேசுறப்ப ஒரு மடக்குத் தண்ணிய வாயில ஊத்தி வச்சுக்கம்மா. விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது." என்னைப் பெற்ற தாய்கூட இப்படி ஒரு தண்டனை கொடுத்ததில்லை. ஆனாலும் செய்தேன். அவர் வாயைத் திறந்தால் நான் சொம்பைத் தூக்குவேன். வீட்டில் இரண்டு பேரும் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

தண்ணீர் புண்ணியத்தில் அவர் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் இது: "ஃபேன்... வேண்டாம்... குளி... ருது." நாலு மாதமாக அவர் 'ஃபே...' என்று தொடங்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் விசையை இன்னும் ஒரு எண் கூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன். அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம்.

யோசிக்க எனக்கு நேரம் ஏது? ஜூனுக்கு அவரைத் தயார் செய்ய வேண்டாமா? தினமும் காப்பி குடித்ததும் நான் மாணவியாக உட்காருவேன். "சார், ஏழெட்டு எவ்வளவு சார்?" என்பேன். நேராக விடை வராது. 'ஓரேழு ஏழு' என்று தொடங்கினால் ஓடிவந்து 'எட்டேழு அம்பத்தாறு'வில் சரியாக நிற்பார். நின்றதும் என்னைப் பார்ப்பார். "பாத்தீங்களா, வருதே" என்று கைதட்டுவேன். நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வேன். அவர் 'பள்ளிக்கூடம்' என்று தொடங்குகிற நாட்களில் மட்டும் எனக்குத் தண்ணீர்ச் சொம்பு ஞாபகம் வராது. அந்தப் பேச்சின் முடிவு எனக்குத்தான் தெரியுமே.

ஏப்ரலில் தலைமையாசிரியர் வரச்சொல்லி அனுப்பினார். வடமதுரைக்குப் பஸ் ஏறும்போது மகள் என் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, "அங்கயும் இதான்மா. அப்பா வேலை, அப்பாவே பேசட்டும்" என்றாள். சரி என்று சத்தியம் செய்தேன். அறைக்குள் நுழையும் முன்பே ஒரு மடக்கு வாயில் போட்டுக்கொண்டேன்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். எழுந்து வந்து என் கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "என்னம்மா, பல் வலியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"சார், வர்ற ஜூன்ல சேந்துக்கிறீங்கள்ல? ஆறாம் வகுப்பு மட்டும் தர்றேன். லேசா ஓட்டிரலாம்."

என் கணவர் வாயைத் திறந்தார். நான் எண்ணத் தொடங்கினேன். வெளியே மரத்தடியில் பிள்ளைகள் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பத்து. பதினைந்து. தலைமையாசிரியருக்குத் தாங்கவில்லை. "அப்ப வர்றீங்க. ரொம்பச் சந்தோஷம் சார்" என்று பேனாவைத் திறந்தார். நான் கையை நீட்டி நிறுத்தினேன். எனக்கு எப்படி அது தோன்றியது என்று தெரியவில்லை. அவர் வாயிலிருந்தே 'வர்றேன்' என்று வரட்டும், தலைமையாசிரியர் காதாரக் கேட்கட்டும் என்கிற பெருமைதான் என்று நினைக்கிறேன். முப்பதைத் தாண்டினேன்.

"வ... ர... ல" என்றார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொல்வேன் என்று எதிர்பார்த்தது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதுதான் தோன்றியது. 'அவருக்குச் சொல்ல வரல சார், வர்றேன்னுதான் சொல்றாரு' என்று ஒரு வார்த்தை போதும். அவர் நம்பியிருப்பார், பேனாவும் திறந்துதான் இருந்தது. என் கணவரும் 'சரி' என்று கையைத் தூக்கியிருப்பார். விழுங்கினால் சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி இன்னும் தேடிக்கொண்டிருந்தார். நான் விழுங்கவில்லை.

"பசங்க... கேப்பாங்க. நான்... சொல்ல... முன்ன... அடுத்த... கேள்வி." நிறுத்தினார். வெளியே மணி அடித்து ஓய்ந்தது. "கோயில்ல... மாதிரி... நிக்க... ணும். ப... யமா... இருக்கு."

இருபத்து நான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்கிற சொல்லை நான் கேட்டதில்லை. தண்ணீர் புரையேறி, தலைமையாசிரியர் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேடு வரை தெறித்தது. அவர் பாவம், பல் வலிக்குக் கிராம்பு வையுங்கள் என்றார்.

ஓய்வுக்கான விண்ணப்பத்தில் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஊர் முழுக்க ஜூன் ஜூன் என்று சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, இதை வீட்டுலயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? தெனமும் வாய்ப்பாடு சொல்லிட்டு, தலைய ஆட்டிட்டு, அங்க போயி ஹெட்மாஸ்டர் முன்னாடி வரலைன்னா என்ன அர்த்தம்?"

அவர் வாயைத் திறந்தார். பஸ் வடமதுரையை விட்டுக் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாமரைப்பாடி வந்தபோது அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"சொன்... னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். தூரத்தில் மலைக்கோட்டை தெரியத் தொடங்கியது.

"பள்ளிக்... கூடம்... னு... ஆரம்... பிச்சேன். நீ... ஜூன்ல... னு... முடிச்ச." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தெனமும்... ஆரம்பிச்... சேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவருக்குத்தான் ஏற்ற இறக்கமே இல்லையே. எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்த மனுஷன் ஒரு சொல்லைத் தேடி எடுத்து, அடுத்ததைத் தேடப் போயிருக்கிறார். ஒவ்வொரு நாளும் நான் குறுக்கே போய் என் பயத்தை அவர் வாயில் வைத்திருக்கிறேன். "மன்னிச்சிருங்க" என்றேன். அதையும் வேகமாகத்தான் சொன்னேன்.

அதற்கு ஏதோ பதில் சொல்லத் தொடங்கினார். உதடு அசைந்தது, முதல் எழுத்து வந்தது. பஸ் திண்டுக்கல் நிலையத்துக்குள் திரும்பி நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அடுத்த நடைக்கு ஆட்கள் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் எங்கள் இருக்கைக் கம்பியைத் தட்டி, "ஏம்மா, கடைசி ஸ்டாப்பு, இறங்குங்க" என்றார்.

"செத்த நேரம் பொறுங்க" என்றேன். "அவரு பேசிக்கிட்டு இருக்காரு."